இடிக்காத கதவு

முன்னொரு காலத்திலே என்று தொடங்கத்தான் ஆசை, ஆனால் இது நடந்து இரண்டு மாசி மாதம்கூட முழுசாகத் தாண்டவில்லை. ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் என்று சொல்லவும் ஆசைதான், ஆனால் அந்த ஊருக்கு விருதுநகரில் பஸ் ஏறினால் நாற்பதே நிமிஷம். ஆகவே இப்படித் தொடங்குவோம். பஸ் போகிற தூரத்திலே ஆவுடையூர் என்றொரு ஊர் இருந்தது, அந்த ஊரிலே ஒரு கோர்ட்டு இருந்தது, கோர்ட்டைச் சுற்றி ஒரு வராந்தா ஓடியது, அந்த வராந்தா போய் முடிகிற இடத்தில் சட்ட உதவி மையம் என்று எழுதிய ஓர் அறை இருந்தது, அந்த அறைக்குள்ளே ஒரு மேசையும் மேசைக்குப் பின்னால் ஞானசௌந்தரி என்கிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணும் இருந்தார்கள்.

சௌந்தரி வக்கீல் இல்லை. அடிபட்டு வருகிற பெண்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதி, வக்கீலிடம் சேர்த்து, வாய்தா நாளில் கூடவே வந்து நிற்பது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அதைச் செய்கிறாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் அவர் அடித்தார் என்று சொல்வதில்லை. அடி விழுந்துச்சு என்பார்கள். மழை விழுகிறது, தேங்காய் விழுகிறது, பல்லி விழுகிறது, அதுபோல அடியும் விழும். விழுவதற்கு ஆள் தேவையில்லை. சௌந்தரி அதைத் திருத்த மாட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்பாள்: "எந்தக் கையிலேருந்து விழுந்துச்சு தாயி?" அந்தக் கேள்விக்குச் சிலர் அழுவார்கள், சிலர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விடுவார்கள். எழுந்து போனவர்களின் தண்ணீர் டம்ளரை அவள் உடனே கழுவுவதில்லை, திரும்பி வந்தாலும் வருவார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைப்பாள்.

சங்கரேஸ்வரி வந்தது மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை, பதினொரு மணி இருக்கும். நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. வயது இருபத்தொன்பது. இடது புருவத்துக்கு மேலே நாலு தையல். கட்டின சேலையோடு வீட்டை விட்டு ஓடி வந்தபோது ஏழு வயது மகள் கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இவள் நடந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் புருஷன் பால்பாண்டி பைக்கில் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க்கா. வீடு வேண்டாம், பண்டபாத்திரம் வேண்டாம். எம்பிள்ளைய மட்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்றாள்.

சௌந்தரி வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, பிறந்த ஊர், கல்யாணமான வருஷம் எல்லாம் எழுதிக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "நெத்தியில என்ன தாயி?"

"கதவு இடிச்சிருச்சுக்கா."

பெயர் கேட்டால் பெயர் சொல்வது போல, நினைத்துப் பார்க்காமல் வந்த பதில் அது. அந்தப் பதிலின் சூடு ஆறுவதற்குள் கதவு வந்து சேர்ந்தது.

பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தது. கனமான பீரோவை இரண்டு பேர் நகர்த்துவார்களே, ஒரு மூலையை ஊன்றி மறுமூலையைத் திருப்பி, அந்த மூலையை ஊன்றி இந்த மூலையைத் திருப்பி, அப்படி நடந்து வந்திருந்தது. தார் ரோட்டில் அது ஊன்றின இடமெல்லாம் பிறை பிறையாகக் கீறல் விழுந்திருந்தது. வேப்பமரக் கதவு. பச்சை பெயின்ட். கீல் இரண்டும் ஓரத்தில் காதுபோலத் தொங்க, வழியெல்லாம் புழுதி குடித்து, மையத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

வராந்தாவில் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக நின்ற தங்கப்பழம்தான் முதலில் வாயைத் திறந்தார். கோர்ட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி அவர். "யாருப்பா இது, வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு? மரச்சாமான் இறக்கணும்னா பின்பக்கமா போகணும்."

"சாமான் இல்லண்ணே" என்று சங்கரேஸ்வரி எழுந்து நின்றாள். வீட்டுப் பெரியவர் யாரோ வந்துவிட்டது போல முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "எங்க வீட்டுக் கதவு. உள் ரூம் கதவு."

"ஓ, உங்க கூட வந்ததா? அப்ப ஒரு ஓரமா நிக்கச் சொல்லுங்க. ஜட்ஜம்மா இப்ப பெஞ்சுக்கு வருவாங்க."

கதவு ஓர் ஓரமாக நகர்ந்து, எதிலும் சாயாமல், தானாகவே நின்றது. சௌந்தரி எழுந்து போய் அதைச் சுற்றிப் பார்த்தாள். வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கொண்டி, நாதாங்கியோடு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. படுக்கிற அறைக்கு வெளியே கொண்டி, உள்ளே ஒன்றுமில்லை.

"உள்தாழ்ப்பாள் எங்க தாயி?"

"கழட்டிட்டாரு."

அவள் வாயிலிருந்து ஆளோடு வந்த முதல் வார்த்தை அதுதான். சௌந்தரி திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தாள். எந்தக் கையிலேருந்து விழுந்துச்சு என்று கேட்டாள். சங்கரேஸ்வரி கதவைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கி, சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தாமல், ஒன்பது வருஷத்தைச் சொல்லி முடித்தாள். மனு பதினொரு பக்கம் வந்தது.

*

பால்பாண்டி அச்சாபீஸில் மெஷின்மேன். தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசினவன் இல்லை. அவன் மறுநாளே காவல் நிலையத்துக்குப் போய், என் மனைவி வீட்டுக் கதவைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று எழுதிக் கொடுத்தான். ஏட்டம்மா ஒருவர் வந்து டேப்பு வைத்துக் கதவின் நீள அகலத்தை அளந்தார். எப்படி வந்தது என்று கேட்டார், நடந்து வந்தது என்றார்கள், எந்த வழியாக என்று கேட்டார், பைபாஸ் வழியாக என்றார்கள், சரி என்று எழுதிக்கொண்டார். கதவு திருடு போன பொருளா, வந்து சேர்ந்த சாட்சியா என்று வக்கீல்கள் டீக்கடையில் நாலு நாள் விவாதம் நடத்தினார்கள். கண்ணால் கண்ட சாட்சி என்றால் கண் வேண்டாமா என்றார் ஒருவர். திருகாணி ஓட்டை நாலு இருக்கிறதே என்றார் இன்னொருவர்.

முதல் வாய்தாவில் தங்கப்பழம் வழக்கப்படி மனுதாரர் பேரை மூன்று தடவை கூப்பிட்டார், எதிர்மனுதாரர் பேரை மூன்று தடவை கூப்பிட்டார், அப்புறம் ஒரு கணம் யோசித்துவிட்டு, "உள் ரூம் கதவு, உள் ரூம் கதவு, உள் ரூம் கதவூ..." என்று நீட்டினார். கதவு மூலை மூலையாக ஊன்றி உள்ளே வந்து நின்றது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த நடுவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதை யாரு கூப்பிடச் சொன்னது?"

"கூப்பிடலேன்னா கோவிச்சுக்குமோன்னு நெனச்சேம்மா" என்றார் தங்கப்பழம்.

பேசுமா என்று நடுவர் கேட்டார். இதுவரை பேசவில்லை என்றார் சங்கரேஸ்வரியின் வக்கீல் ரஹ்மத்நிஷா. "பேசாத சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கேன்" என்று நடுவர் சொன்னார். வழக்கு முடியும்வரை கதவு கோர்ட்டின் பொறுப்பில் இருக்கட்டும், முடிகிறவரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினார். சொத்து அறையில் பிடிபட்ட மணல்வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் கூரைவரை அடைந்து கிடந்ததால் கதவுக்கு இடமில்லை. குமாஸ்தா அதன் மேல்மூலையில் வெள்ளை பெயின்டில் 41 என்று எழுதி, நடுவரின் அறை ஜன்னலுக்கு எதிரே வராந்தாவில் நிற்க வைத்தார். அங்கேயே நின்றது.

*

ஒரு கதவு நடந்து வந்ததை ஒரு ஊர் எத்தனை நாள் அதிசயமாகப் பார்க்கும்? ஒரு வாரம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அதில் டிபன் கேரியரை மாட்டினார்கள், ஈரக் குடையைத் தொங்கவிட்டார்கள், ஜாமீனுக்கு வந்தவர்கள் அதன் நிழலில் குந்தி வேர்க்கடலை தின்றார்கள். யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை பார்த்து மஞ்சள் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றினார்; கோர்ட்டுச் சொத்துக்குப் பூ வைக்கக்கூடாது என்று குமாஸ்தா துடைத்தார்; அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பூ இருந்தது.

ஊருக்குள்ளே ஆண்கள் தங்கள் வீட்டுக் கதவுகளை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆசாரி வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. கீலுக்கு இன்னும் நாலு திருகாணி போடு, நிலையோடு சேர்த்து ஒரு சங்கிலி போடு என்றார்கள். மேலத்தெருவில் ஒருவன் தேக்குக் கதவைக் கழற்றி விற்றுவிட்டுப் பிளாஸ்டிக் கதவு மாட்டினான். ஏன்ப்பா என்று கேட்டதற்கு, "பிளாஸ்டிக்குக்கு ரோஷம் கிடையாதுண்ணே" என்றான். அரசு ஆஸ்பத்திரியில் தையல் போடுகிற நர்ஸ், கதவு இடிச்சிருச்சு என்று யாராவது சொன்னால், "எந்தக் கதவு? ஒண்ணு கோர்ட்டுல நிக்குது பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அதனால் பெண்கள் கதவை விட்டுவிட்டுப் படிக்கட்டைச் சொன்னார்கள், குளியலறை வழுக்குகிறது என்றார்கள், அம்மிக்கல் காலில் விழுந்தது என்றார்கள். படிக்கட்டுகள் எதுவும் புறப்பட்டு வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் கோர்ட்டு வாசலில் பூ விற்கிற கிழவி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு மையத்து வாசலில் நின்ற சௌந்தரியிடம் கேட்டாள்: "எங்க வீட்டுக் கதவு ஏன் தாயி வரல? நாப்பது வருசம் அது பேரச் சொல்லிருக்கேன். ஒருநாக்கூட அதுக்குக் கோவம் வரலையே."

சௌந்தரி வாசலைவிட்டு ஒதுங்கி வழி விட்டாள். உள்ளே வந்து உட்காருங்க என்றாள். "இனிமே உக்காந்து என்ன செய்ய, அந்த மனுசன் செத்து ஆறு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிழவி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

சங்கரேஸ்வரி பைண்டிங் கம்பெனியின் குடோனுக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஓர் அறையில் தங்கிக்கொண்டாள். தினமும் காலையில் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே போய் நிற்பாள். அப்பா எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையிடம் பேசவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவாள். முதல் மாதம் கனிஷ்காவும் கையை ஆட்டினாள். இரண்டாவது மாதம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது மாதத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"மறந்துட்டாளாக்கா?" என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கேட்பாள். "மறக்க மாட்டா தாயி" என்று ஒவ்வொரு தடவையும் சௌந்தரி சொல்வாள்.

*

குறுக்கு விசாரணை பங்குனியில் வந்தது. பால்பாண்டியின் வக்கீல் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டிலிருந்து மூன்று பக்கம் நகல் வாங்கி வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நீங்க மூணு தடவை போயிருக்கீங்க. மூணு தடவையும் உள் அறைக் கதவு இடித்ததாகச் சொல்கிறார்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீங்க சொன்னதுதானே?"

"நாந்தான் சொன்னேன்."

"யாராவது கத்தியக் காட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல."

"உங்க புருஷன் அப்ப எங்க இருந்தாரு?"

"பக்கத்துல நின்னாரு. குளுக்கோஸ் பாட்டில் மாட்டுற கம்பி ஒடஞ்சு போச்சு. அவர்தான் கையில புடிச்சுக்கிட்டு நின்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"பாட்டில் தீர்ற வரைக்கும்."

"ரெண்டு மணி நேரம் கைய மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்ன மனுஷன்!" என்று வக்கீல் நடுவர் பக்கம் திரும்பினார். "வார்டே பாராட்டியிருக்கு. அம்மா, இந்த அம்மா ஒண்ணு ஆஸ்பத்திரியில பொய் சொல்லியிருக்கணும், இல்ல இங்க பொய் சொல்லணும். எப்படிப் பாத்தாலும் பொய் சொல்றவங்க. இவங்களை நம்பிப் பொம்பளப் பிள்ளையக் குடுக்கச் சொல்றாங்க. தாழ்ப்பாளைப் பத்திக் கேட்டா, பிள்ளை உள்ள போட்டுக்கிட்டு மாட்டிக்கிடக் கூடாதுன்னு தகப்பன் கழட்டிருக்காரு. எந்த வீட்டுலதான் செய்யல?"

கதவு நின்றுகொண்டிருந்தது. ரஹ்மத்நிஷா எழுந்து, பாட்டிலைப் பிடித்திருந்த கையால்தான் அடி விழுந்தது, அந்தக் கை பக்கத்தில் இருக்கும்போது வேறு எதைச் சொல்வாள் என்று வாதாடினார், நடுவர் எழுதிக்கொண்டார். ஆனாலும் பதிவேட்டில் இருப்பது பதிவேட்டில் இருந்தது. அவள் சொன்ன வார்த்தை, அவள் கையெழுத்துக்கு மேலே, டாக்டரின் முத்திரையோடு. சங்கரேஸ்வரி கூண்டிலிருந்து இறங்கி வந்து கதவைத் தாண்டிப் போகையில் அதன் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

தீர்ப்புக்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை கூட்டி வாருங்கள் என்று நடுவர் சொன்னார்.

*

கனிஷ்காவை அப்பா பைக்கில் கூட்டி வந்தான். புதுக் கவுன், இரட்டைச் சடை, முகத்தில் நிறையப் பவுடர். நடுவர் தன் அறையில் வைத்துத் தனியாகக் கேட்க நினைத்தார். பிள்ளை தனியாக உள்ளே போகமாட்டேன் என்று வாசல்படியிலேயே நின்றுவிட்டது. அம்மாவும் கூடாது, அப்பாவும் கூடாது, ஆகவே சௌந்தரியைக் கூட உட்காரச் சொன்னார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கதவு தெரிந்தது, மேல்மூலையில் 41.

எந்த வகுப்பு என்று நடுவர் கேட்டார். ரெண்டாப்பு 'பி' மிஸ் என்றாள் பிள்ளை. கேள்வி கேட்கிற பெண்கள் எல்லாரும் அவளுக்கு மிஸ்தான். எந்தப் பாடம் பிடிக்கும்? கணக்கு. யார் சடை பின்னிவிட்டது? அத்தை. மத்தியானம் என்ன சாப்பாடு? லெமன் சாதம். அம்மாவைப் பார்த்தாயா? பார்த்தேன். அப்பா நல்லா பாத்துக்கிறாரா? பாத்துக்கிறாரு மிஸ். எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது. நடுவர் குறிப்பெடுக்கிற வேகம் குறைந்துகொண்டே வந்ததைச் சௌந்தரி பார்த்தாள். இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு பிள்ளையை எங்கிருந்தும் எங்கேயும் மாற்ற முடியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உரிந்த விரல்களைப் பிய்த்துக்கொண்டிருப்பவளிடம் என்ன சொல்வது என்று அவள் இப்போதே தேடத் தொடங்கியிருந்தாள்.

அப்போது மின்விசிறிக் காற்றில் பிள்ளையின் நெற்றி முடி விலகியது. பவுடருக்கு அடியில், முடி தொடங்குகிற இடத்தில், நீலமாக ஒரு வீக்கம்.

"இது என்னம்மா?"

"கதவு இடிச்சிருச்சு மிஸ்."

இரண்டாம் வாய்ப்பாடு சொல்வது போலத்தான் சொன்னாள். நடுவர் ஜன்னலைப் பார்த்தார். சௌந்தரியும் பார்த்தாள்.

"எந்தக் கதவு?"

"உள் ரூம் கதவு."

"என்னைக்கு?"

"செவ்வாக்கெழம."

நாலு மாதமாக அந்த வீட்டு உள் ரூமில் ஒரு போர்வைதான் தொங்குகிறது என்று பால்பாண்டியே இரண்டு வாய்தாவில் சொல்லியிருந்தான், கதவைத் திருப்பிக் கேட்டு. நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "இதைத் தவிர வேற எங்கயும் கதவு இடிச்சிருக்கா?" என்று, சத்தம் வெளியே போகாத குரலில் கேட்டார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

*

சாயங்காலம் நாலு மணிக்கு உத்தரவு வந்தது. பிள்ளை இந்த நிமிஷத்திலிருந்து தாயிடம் இருக்க வேண்டும், தகப்பன் நெருங்கக் கூடாது, பிள்ளையின் காயத்தைப் பற்றிக் காவல்துறை விசாரிக்க வேண்டும். ஏட்டம்மா பால்பாண்டியைக் கூட்டிப்போக வந்து நின்றார். அவன் சண்டை பிடிக்கவில்லை. கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் முன்னால் முட்டி போட்டு, அவிழ்ந்திருந்த செருப்பு வாரை மாட்டிவிட்டான். பிள்ளை அசையாமல் காலை நீட்டிக்கொண்டு நின்றாள். எழுந்திருக்கும்போது சங்கரேஸ்வரியிடம் சொன்னான்: "பால சூடா குடுத்துராத. நல்லா ஆத்திக் குடு." பிறகு போனான்.

சங்கரேஸ்வரிக்கு உத்தரவின் வார்த்தைகள் எதுவும் காதில் ஏறியிருக்கவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டது என்பது மட்டும் ஏறியிருந்தது. சௌந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னா உள்ள? எங்கிட்ட வரணும்னு சொன்னாளா? அம்மா வேணும்னு சொன்னாளா?"

சௌந்தரிக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆமா தாயி, அம்மாதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ்வளவுதான் அந்தப் பொய். அதனால் யார் நெற்றியும் வீங்காது. அந்த முகம் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை மலரும். வராந்தாவில் கதவு இவர்கள் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தது. எப்போது திரும்பியது என்று தெரியவில்லை.

"நீ ஆஸ்பத்திரியில சொன்னதத்தான் தாயி சொன்னா" என்றாள் சௌந்தரி.

சங்கரேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவள் அழுவாள் என்று சௌந்தரி முந்தானையை எடுத்துத் தயாராக இருந்தாள். அவள் அழவில்லை, வராந்தாப் படியில் மெதுவாக உட்கார்ந்தாள், வெயிலில் நடந்து வந்தவர்கள் உட்கார்வது போல. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கதவின் முன்னால் வந்தாள். பிள்ளை உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள்.

"கனி, இங்க பாரு. இந்தக் கதவு யாரையும் இடிச்சதே இல்ல. அம்மா பொய் சொன்னேன். என்னைய இடிச்சது கதவு இல்ல, அப்பா அடிச்சாரு."

"எனக்குத் தெரியும்" என்றாள் கனிஷ்கா. "நாந்தான் பாத்தேனே."

"பெறகு ஏன்டி கதவு இடிச்சிருச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொன்ன?"

பிள்ளை அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள், இதுகூடவா தெரியாது என்பது போல.

"அப்பா அடிச்சா அப்படித்தானம்மா சொல்லணும்? அதுக்குப் பேரு அதானே?"

சங்கரேஸ்வரி கையை நீட்டிக் கதவைத் தொட்டாள். நாலு திருகாணி ஓட்டைகளின்மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் என்ன சொன்னாளோ, மனசுக்குள்ளே சொன்னாளோ, சௌந்தரிக்குக் கேட்கவில்லை. அவள் கையை எடுத்ததும் கதவு, இத்தனை நாள் எதிலும் சாயாமல் நின்ற கதவு, பின்னால் நகர்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதற்கப்புறம் அது அசையவில்லை.

கோர்ட்டு கலைந்துகொண்டிருந்தது. நடுவரின் கார் போயிற்று. வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ரஹ்மத்நிஷா பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். தங்கப்பழம் சிவப்புப் பட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "புத்திசாலிப் பிள்ளை, கணக்கு நல்லா வருமாம்ல" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

சங்கரேஸ்வரி ஒரு கையில் பள்ளிக்கூடப் பையோடு, மறுகையைப் பிள்ளைக்கு நீட்டியபடியே படியிறங்கினாள். பிள்ளை கையைக் கொடுக்கவில்லை.

"முன்னால நட கனி. நான் பின்னாலயே வாரேன்."

"நீ முன்னால போ."

"ரோட்டுல வண்டி வருதுடி, அம்மா பாத்துக்கிட்டே வாரேன்."

"எனக்குப் பின்னால யாரும் வரக்கூடாது."

சங்கரேஸ்வரி திரும்பிச் சௌந்தரியைப் பார்த்தாள். சௌந்தரி தலையை அசைத்தாள். ஆகவே தாய் முன்னால் நடந்தாள், பத்தடி விட்டு மகள் நடந்தாள்; தாய் நாலு எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவள் திரும்பும்போதெல்லாம் மகள் நின்றாள், அவள் மறுபடி நடந்த பிறகுதான் நடந்தாள். கேட்டைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முனைவரை அந்தப் பத்தடி குறையவே இல்லை.

அவர்கள் மறைகிறவரை சௌந்தரி வராந்தாவிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் மேசையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தினமும் போகிற பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல், எதிர்த்திசையில் நடந்து போனாள்.